வெறுங் கோப்பையில் ஒரு தேத்தண்ணி

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஏதாவது சொல்வார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் மதியம் இப்படியொரு சாப்பாட்டைத் தந்துவிட்டு அதைக் கேட்க யாருக்கும் மனம் வராது. ஆகவே தேத்தண்ணியைப் பற்றிப் பேசப் போகிறோம். பயப்படாதீர்கள், இது சீனி இல்லாத தேத்தண்ணி. பாலும் இல்லை, சாயமும் இல்லை. தண்ணீர்கூட இல்லை.

இன்று காலை மண்டபத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நடந்தது இது. எங்கள் வகுப்புத் தோழிகள் மூவர் கதைத்துக்கொண்டு நின்றோம். உங்களில் யாரோ ஒருவருடைய பேத்தி, நாலு வயது இருக்கும், மூன்று சோடா மூடிகளைக் கொண்டுவந்து எங்கள் கைகளில் தந்தாள். "தேத்தண்ணி. சூடு, ஊதிக் குடியுங்கோ" என்றாள். ஊதிக் குடித்தோம். "சீனி காணுமோ?" என்று கேட்டாள். எங்களில் ஒருத்தி, "எனக்குச் சீனி வருத்தம் பிள்ளை, சீனி போடக் கூடாது" என்றாள். பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். அவளுடைய மூடியை மட்டும் வாங்கி, அதில் இருந்த 'தேத்தண்ணி'யை மரத்தடியில் ஊற்றிவிட்டு, வேறு ஊற்றிக்கொண்டு வந்து, "இது சீனி போடாதது" என்று கொடுத்தாள்.

அந்த நேரத்தில் அவளுடைய மூளை எவ்வளவு வேலை செய்தது என்று எண்ணிப் பாருங்கள். மூடி வெறுமையானது என்று அவளுக்குத் தெரியும். அதே நேரம் அது நிறைந்திருக்கிறது என்பதையும் மனதில் வைத்திருக்கிறாள். மூன்று மூடிகளில் எதில் சீனி, எதில் இல்லை என்று நினைவு வைத்திருக்கிறாள். தனக்குப் பிடித்தது மற்றவருக்கு ஒத்துவராமல் இருக்கலாம் என்று விளங்கி, அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்கிறாள். வளர்ந்தவர்கள் பலருக்கும் வராத பழக்கம் அது.

எங்கள் காலத்தில் இதைச் சோறு கறி விளையாட்டு என்றோம். பள்ளிமுனையில், தாழ்வுபாட்டில், பேசாலையில், எருக்கலம்பிட்டியில், எந்த வளவுக்குள் போனாலும் மூன்று கல் வைத்த ஓர் அடுப்பு இருக்கும். சிரட்டைதான் சட்டி. ஈரமணல் சோறு. பூவரசம் இலை தட்டு. மட்டிச் சிப்பி அகப்பை. செவ்வரத்தம்பூவைக் கசக்கினால் மீன் குழம்பு. வெறும் பால்மாப் பேணிதான் தேத்தண்ணிக் கேத்தில். பெரியவர்கள் யாரும் சாப்பிட வராத நாட்களில், தெருவில் திரியும் கழுதை ஒன்று வந்து இலைத் தட்டுகளை எல்லாம் தின்றுவிட்டுப் போகும். மன்னார்ப் பிள்ளைகளின் விருந்துக்குத் தவறாமல் வந்த விருந்தாளி அதுதான்.

இந்த விளையாட்டுக்கு ஏறத்தாழ 2000 வருட வயது. அகநானூற்றின் 110ஆம் பாட்டு, போந்தைப் பசலையார் பாடியது, எங்களைப் போன்ற ஒரு கடற்கரை ஊரில் நடக்கிறது. பெண்பிள்ளைகள் கடலில் விளையாடி, மணல்வீடு கட்டி, சிறுசோறு ஆக்கி, களைத்துப்போய் இருக்கிறார்கள். பொழுதுபடும் நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து, தனக்குக் களைப்பாக இருக்கிறது, உங்கள் இலையில் இருக்கும் விருந்தைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் ஊரில் தங்கட்டுமா என்று கேட்கிறான். அவர்கள் முகத்தைக் குனிந்துகொண்டு, இது மீன் சாப்பாடு, உங்களுக்குச் சரிவராது என்கிறார்கள். அது காதலைச் சொல்லும் பாட்டு. ஆனால் தாய்மாராகிய பிறகு வாசித்தபோது எங்கள் கண்ணில் பட்டது வேறொன்று. அவன் மணற்சோற்றைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விருந்து என்று அதைச் சொல்லிக் கேட்டான். அந்தப் பிள்ளைகளும் மண் என்று சொல்லவில்லை, மீன் சாப்பாடு என்றே சொன்னார்கள்.

எங்கள் வகுப்புக்கு எட்டு ஒன்பது வயதாக இருந்தபோது 1990 வந்தது. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த எங்கள் தோழிகள் கடல் வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். போய்வருகிறோம் என்று சொல்லக்கூட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் எங்களில் பலரும் வீடுகளை விட்டோம். சிலர் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். மற்றவர்கள் மடுவுக்குப் போனோம். அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்திய காலம் அது.

மடுக் காட்டில், தறப்பாள் கொட்டில்களுக்கு இடையில், நாங்கள் தொடர்ந்து விளையாடினோம். ஆனால் விளையாட்டு மாறிவிட்டது. சோறு கறி ஆக்கவில்லை. வரிசையில் நின்றோம். பாலை இலைதான் நிவாரண அட்டை. ஒருத்தி அதிகாரி, மற்றவர்கள் வரிசை. "அட்டை எங்க? எத்தனை பேர்? மா முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்று அதிகாரி கத்துவாள். சிலர் அழுவதுபோல் நடிப்பார்கள். சிலர் நடிக்காமலே அழுதார்கள். பெரியவர்கள் அதைக் கண்டு ஏசினார்கள், நல்ல விளையாட்டு ஏதும் இல்லையா என்று. நாங்கள் கண்டதைத்தான் விளையாடுகிறோம் என்று சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கொட்டிலில் ஓர் ஆச்சி இருந்தார். எங்களுக்கு உறவில்லை. ஒருநாள் அவர் மெல்ல வந்து எங்கள் வரிசையின் கடைசியில் நின்றார். தன் முறை வந்ததும், "எனக்கு மா வேண்டாம் பிள்ளையள், ஒரு வாய் தேத்தண்ணி தருவியளோ?" என்று கேட்டார். அதிகாரியாக நின்றவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஒரு சிரட்டையை எடுத்து நீட்டினாள். ஆச்சி நிலத்தில் இருந்து, மடியைத் தடவி இல்லாத பனங்கட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்து, சிரட்டையை ஊதி ஊதிக் குடித்தார். "சாயம் காணாது. இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை" என்றார். அன்றைக்கு வரிசை கலைந்து தேத்தண்ணிக் கடை ஆகியது. அடுத்த நாளும் அவர் வந்தார். அதற்கடுத்த நாளும்.

ஆச்சி எங்களை ஏசவும் இல்லை, வரிசை விளையாட்டை நிறுத்தச் சொல்லவும் இல்லை. வரிசையில் சேர்ந்து நின்றார், அதற்குள் வேறொன்றைக் கேட்டார். பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பிறகு நாங்கள் படித்த பலவும் அவர் அன்று செய்ததைத்தான் சொல்லித்தந்தன. போர்க்காலப் பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவும் அதே வழியில்தான் போனது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக விளையாடினார்கள், மண்ணில் உருவம் செய்தார்கள், கதை கட்டினார்கள். பெரியவர்கள் கூட இருந்தார்கள்.

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, விளையாடுவது பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அப்போது நாங்கள் மடுவில் பாலை இலைகளோடு இருந்தோம்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். 1992இல் பிரித்தானியாவில் சைமன் பரன்-கோஹனும் அவருடைய குழுவினரும், ஓட்டிசத்தின் அறிகுறிகளை ஒன்றரை வயதிலேயே கவனிக்க ஒரு சோதனைப் பட்டியலை வெளியிட்டார்கள். அதில் ஓர் அம்சம் இது: பிள்ளையிடம் ஒரு குட்டிக் கோப்பையையும் தேத்தண்ணிக் கேத்திலையும் கொடுத்து, ஒரு தேத்தண்ணி போட்டுத் தருவீங்களா என்று கேட்க வேண்டும். பிள்ளை ஊற்றுவதுபோல், குடிப்பதுபோல் பாவனை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று பல நாடுகளில் பாவிக்கும் வினாக்கொத்திலும் வெறுங் கோப்பையில் குடிப்பதுபோல் பாவனை செய்யுமா என்ற கேள்வி இருக்கிறது. இந்த ஒன்றை வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது. ஆனால் ஒன்றரை, இரண்டு வயதில் பிள்ளை பாவனையாக எதுவுமே செய்யவில்லை, பேரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை, எதையும் சுட்டிக் காட்டவில்லை என்றால், காத்திருக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். நிறை பார்க்கும் புத்தகத்தில் வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களையும் புரட்டுங்கள்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. உளவியலாளர் அலன் லெஸ்லி பிள்ளைகளோடு பாவனை விருந்து நடத்தினார். இரண்டு வெறுங் கோப்பைகளை 'நிரப்பினார்'கள். பிறகு ஒன்றைக் கவிழ்த்துக் குலுக்கி வைத்துவிட்டு, எது வெறுங் கோப்பை என்று கேட்டார். இரண்டுமே வெறுமைதான். ஆனால் இரண்டு வயதை எட்டிய பிள்ளைகளே கவிழ்த்த கோப்பையைக் காட்டினார்கள். பொய்யையும் மெய்யையும் குழப்பாமல் இரண்டையும் ஒரே தலையில் வைத்திருக்க அவர்களுக்கு முடிகிறது. எழுத்துக்குள் ஒலி இருக்கிறது, இலக்கத்துக்குள் தொகை இருக்கிறது என்று பிறகு விளங்கிக்கொள்வதற்கும் இதே மாதிரியான திறமைதான் வேண்டும்.

அப்படியென்றால் பிள்ளை தானாக விளையாடட்டுமே, நாங்கள் ஏன் குடிக்க வேண்டும்? ஏனென்றால், அந்தத் தேத்தண்ணி பிள்ளையின் மனதில் மட்டும் இருக்கிறது. நாங்கள் ஒரு வாய் குடித்தால், "உன் மனதில் இருப்பது எனக்கும் தெரிகிறது" என்று சொன்னதாகிறது. சூடு என்று நாக்கைச் சுட்டுக்கொண்டால் பிள்ளை அதற்குப் பதில் சொல்ல வேண்டி வருகிறது. மாறி மாறிப் பேசும் பழக்கம் அங்கே பிறக்கிறது. வேறெங்கும் சொல்லாததைப் பிள்ளை அங்கே சொல்லும். "பொம்மை பள்ளிக்கூடம் போகாதாம், அதுக்குப் பயமாம்" என்று ஊற்றிக்கொண்டே சொல்லும். பொம்மைக்கு ஏன் பயம் என்று நாங்கள் மெதுவாகக் கேட்கலாம். பிள்ளையிடம் நேரே கேட்டால் பதில் வராது.

இதெல்லாம் தெரிந்த நாங்கள் வீட்டில் என்ன செய்தோம்? இரவுக் கடமை முடிந்து வந்த ஒரு காலை. மகள் கோப்பையைக் கொண்டுவந்து தந்தாள். ஒரு கையில் போனைப் பார்த்தபடி மறு கையால் வாங்கி, வாயில் வைத்து, "நல்லாயிருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம். அவள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீங்க குடிக்கேல்லை. அப்படியே இருக்கு" என்றாள். வெறுங் கோப்பையைப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் சொன்னது உண்மை.

வெட்கத்தோடு இதை வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் எழுதியபோது ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். ஒருத்தி குடிப்பதற்கு முன் படம் எடுத்துப் போடுகிறவள். ஒருத்தி விருந்தை ரியூசன் ஆக்குகிறவள்: "எத்தனை கோப்பை? இது என்ன நிறம்? இங்கிலீசில் சொல்லு." பிள்ளை கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டதாம். எங்களுக்கு விளையாட்டு பாதியில் பறிபோனது. அதனால்தானோ என்னவோ, எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கொடுக்க ஓடுகிறோம். ரியூசன் கொடுக்கிறோம், புலமைப்பரிசில் பரீட்சைக்கு வினாத்தாள் கட்டுக் கட்டாக வாங்கிக் கொடுக்கிறோம், பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் கொடுக்கிறோம். ஆச்சி எங்களுக்குத் தந்ததை மட்டும் கொடுக்க மறந்துபோனோம்.

எனவே சில வேண்டுகோள்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். நிலத்தில் இருங்கள். கதிரையில் இருக்கும் விருந்தாளியைப் பிள்ளைக்குப் பிடிக்காது. பிள்ளை சொல்வதுதான் சட்டம். நீங்கள் ராணி என்றால் ராணி, பூனை என்றால் பூனை. திருத்த வேண்டாம், படிப்பிக்க வேண்டாம். ஆண்பிள்ளை தேத்தண்ணி ஊற்றினால் "இது பொம்பிளைப் பிள்ளையளின்ரை விளையாட்டு" என்று அடுப்படியை விட்டுத் துரத்த வேண்டாம். நாளைக்கு அவனும் ஒரு வீட்டில் தேத்தண்ணி போட வேண்டியவன்தான். அப்பாமாரையும் இருத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது. மிச்ச நேரம் விளையாட்டுக்கு வரட்டும்.

வைத்தியராகச் சொல்லாமல் விடமுடியாதவையும் சில உண்டு. பாவனைத் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் உண்மையான சுடுதண்ணிக் கேத்தில் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். விருந்தில் அதுவும் கோப்பைக்குள் வந்துவிடும். கறிக்குப் பிடுங்கும் காய்களில் அலரிக்காய், குண்டுமணி, ஆமணக்கங்கொட்டை இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் நஞ்சு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் சின்னச் சிப்பியும் போத்தல் மூடியும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். போர் நடந்த பக்கங்களில், மண்ணில் கண்டெடுத்த இரும்புச் சாமான் எதுவும் சட்டி ஆகக் கூடாது. நல்லாய்த் தேய்த்த சிரட்டையே போதும்.

இந்த உரையை மலரில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து வாசிக்கப் போகும் தோழிகளுக்கு ஒன்று. போனைக் குறை சொன்னோம். அதே போனில் அம்மம்மா பேசாலையிலிருந்து தேத்தண்ணி குடிக்கலாம். கட்டாரில் வேலை செய்யும் அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கலாம். திரையில் கோப்பையை நீட்டும் பிள்ளை, "சூடு", "ஊதுங்கோ", "காணுமோ" என்று சொல்லும். தமிழ் வகுப்புக்குப் போக அழுகிற பிள்ளையும் விருந்தாளியோடு தமிழில் கதைக்கும்.

கடைசியாக ஒன்று. போர் முடிந்து சில வருடங்களின் பின், இரண்டாம் வாங்கில் எங்களோடு இருந்த தோழி எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்தாள் என்று கேள்விப்பட்டுப் போனோம். தகப்பனுடைய காணியில் சின்னதாக ஒரு வீடு. இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வாசலில் ஒருவரையொருவர் கண்டு சிரித்தோம், உள்ளே போய் இருந்தோம். அதற்கு மேல் என்ன கதைப்பதென்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. அவளுடைய மகளும் எங்கள் மகளும் அதற்குள் வளவில் சிரட்டை அடுக்கிவிட்டார்கள். எங்களைக் கையில் பிடித்து இழுத்துப்போய் மரத்தடியில் இருத்தி, "நீங்க ரெண்டு பேரும் அடுத்தடுத்த வீடு" என்றார்கள். சிரட்டையைத் தந்தார்கள். பேசாமல் குடித்தோம். "சும்மா குடிக்கக் கூடாது. கதைக்கோணும்" என்று கட்டளை வந்தது.

அடுத்த வீட்டுக்காரியாக நாங்கள் கேட்டோம்: "கனகாலமாய்க் காணேல்லையே, எங்க போனனீங்கள்?"

அவள் சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கற்பிட்டிப் பக்கம் போயிருந்தம். இப்ப வந்திட்டம்."

பிள்ளைகள் எங்கள் முகத்தைக் கவனிக்கவில்லை. "உம்மாக்கு இன்னும் கொஞ்சம் விடு" என்று சொல்லி இரண்டு சிரட்டைகளையும் மறுபடி நிரப்பினார்கள். அன்று பொழுதுபடும்வரை கதைத்தோம். அவள் இன்று இந்த மண்டபத்தில், பின்வரிசையில் இருக்கிறாள்.

இன்று இரவு உங்கள் வீட்டிலோ, நீங்கள் தங்கியிருக்கும் வீட்டிலோ ஒரு பிள்ளை எதையாவது நீட்டினால், கையில் இருப்பதை வைத்துவிட்டு வாங்குங்கள். ஊதிக் குடியுங்கள். சீனி காணுமோ என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை வேறு ஊற்றித் தரும்.